ஒன்றேகால் மரை

— மரை சரி பண்ற செட்டுல பெரிய பெட்டியே குடுங்கோ பாய். ஆத்துல காரை அப்பாதான் பார்த்துக்கறார். இனிமே எந்த போல்ட்டுல மரை போனாலும் அவர் அலைய வேண்டாம்.

— பெருசு எதுக்கும்மா? அதுல அஞ்சு சைஸ் இருக்கு, ஆனா பன்னெண்டு மில்லியோட முடிஞ்சிடும். ஆயில் வடிக்கிற போல்ட்டுன்னீங்க, அது பதினாலு. இந்தச் சின்னப் பெட்டிய எடுங்க. துளை போடுற பிட்டு, புது மரை வெட்டுற டேப்பு, உள்ள ஏத்துற கம்பிச் சுருளு எல்லாம் இருக்கு. பதினாலுக்கு ஒன்றரை.

— ஒன்றரைன்னா?

— ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. ஒன்றரை மில்லி.

— போல்ட்டைக் கொண்டு வந்திருக்கேன். அளந்துடுங்கோ.

— அளக்கவே வேணாம்மா. முப்பது வருசமா இதே யாவாரம். அத பைக்குள்ள வைங்க.

— நான் ஸ்கூல்ல கணக்கு டீச்சர் பாய், அளக்காம எப்படி வாங்கறது? அதோ சீப்பு மாதிரி தொங்கறதே, அதை வச்சுத்தானே பார்ப்பா? இப்படிக் குடுங்கோ.

— சொன்னாக் கேளுங்கம்மா.

— போல்ட் தலையில மஞ்சளா ஏதோ ஒட்டிண்டிருக்கு. அழுக்கா?

— பெயின்ட்டு.

— ஒன்றரை உக்கார மாட்டேங்கறது. இடுக்குல வெளிச்சம் தெரியறது. ஒன்றேகால்தான் பொருந்தறது. அப்போ பெட்டியும் ஒன்றேகால்தானே வாங்கணும்?

— இல்லம்மா. உங்க காருக்கு ஒன்றரைதான்.

— அப்போ இந்த போல்ட்?

— அது உங்க காரோடது இல்ல.

— புரியலையே.

— கேளுங்க. ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் நிக்கும். ஸ்பேனர் போட்டு அழுத்துனா உள்ள இருக்குற மரைய அறுத்துக்கிட்டுப் போயிடும். ஆயில் நிக்கிற கீழ் சேம்பர் அலுமினியம்ல. யாரு கை போட்டாலும் அப்படித்தான் ஆகும்.

— இது நான் வாங்கினது பாய்.

— ம்.

— புத்தூர்ல ஒரு கடையில. பழசை சாம்பிளுக்குக் கொண்டு போன்னு அப்பா சொன்னார். ஹேண்ட்பேக் அழுக்காயிடும்னு வச்சுட்டுப் போனேன். விரலால அளவு காட்டி வாங்கினேன். அவர் மாட்டறச்சேயே, கோதா, இது முரண்டு பண்றதேன்னார். புதுசு அப்படித்தான் இருக்கும், சீக்கிரம் மாட்டுங்கோன்னு நின்னேன். ஸ்கூலுக்கு நேரமாச்சு.

— அவசரத்துல எல்லாருக்கும் நடக்குறதுதாம்மா.

— ஞாயித்துக்கிழமை மண்ணச்சநல்லூர்ல கல்யாணம். பாதி வழியில போல்ட் கழண்டு விழுந்து ஆயில் மொத்தமும் ரோட்டுல. சம்பந்தி ஆத்துக்காரா வண்டிக்குள்ள உக்காந்திருக்கா. அவா முன்னாலயே சொன்னேன். எழுபத்திரெண்டு வயசாறது, கை நடுங்கறது, இனிமே காரைத் தொடாதீங்கோன்னு.

— கோபு சார் என்ன சொன்னாரு?

— குனிஞ்சு ரோட்டுல போல்ட்டைத் தேடி எடுத்து வச்சுண்டார். செவ்வாக்கிழமை தனியா எங்கேயோ போயிட்டு வந்தார். வந்தவர் ஸ்பேனரையெல்லாம் ஒண்ணொண்ணா துடைச்சு, காயலான் கடைக்காரனைக் கூப்பிட்டுப் போட்டுட்டார். கேக்கறவா கிட்டயெல்லாம், என் கையாலதான் போச்சு, இனிமே வேண்டாம்னு சொல்லிண்டிருக்கார். எனக்குத் தாங்கலை பாய். அதான் இந்தப் பெட்டியைக் கையில குடுத்தா திரும்பக் கார்கிட்ட போவாரோன்னு.

— குடுங்கம்மா. போவாரு.

— எப்படிக் குடுப்பேன்? இத்தனை நாளா தன் கைதான் தப்புன்னு நெனச்சுண்டு உக்காந்திருக்காரே. அவருக்கு இது தெரியவே தெரியாதே.

— தெரியும்மா.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பா பேரு கோபுன்னு நான் சொல்லவே இல்லையே.

— அளந்து முடிச்ச போல்ட்டுல நான் மஞ்சப் பொட்டு வச்சிடுவேன், கடைச் சரக்கோட கலந்துடக் கூடாதுன்னு. செவ்வாக்கிழமை அவரு இங்கதான் வந்தாரு. இதே சீப்புல அவரே வச்சுப் பாத்துட்டு, ரொம்ப நேரம் அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு. எந்திரிக்கும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "என் பொண்ணு வந்தா அளந்து மட்டும் காட்டிடாதீங்கோ பாய்."