பதினோராவது பிள்ளை

நான் போடும் பிளேன்டீயை யாரும் பாதியில் வைத்துவிட்டுப் போனதில்லை, ஐயா. இஞ்சியைத் தட்டிப் போடுவேன். அன்று சோதனைக்கு வந்த உத்தியோகத்தரும் இரண்டு கோப்பை குடித்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் பகல் பராமரிப்பு நிலையம் திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்டத்தான். வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் பிள்ளையைத் தந்துவிட்டுப் பின்னேரம் வந்து எடுப்பார்கள். ஐந்து பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்கவேண்டும் என்பது என் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். எழுதியவர் ஒருநாளும் ஐந்து பிள்ளைக்குச் சோறூட்டியிருக்கமாட்டார், அவ்வளவுதான். நான் பழக்கியெடுத்த பெட்டைகள் ஒவ்வொருத்தியாகக் கட்டாருக்குப் பறந்தார்கள். மிஞ்சியவள் சுஹைரா. அவளும் நானும் என்றால் பத்துப் பிள்ளை.

தாய்மார் அந்தக் கணக்கைக் கேட்பார்களா? எப்போதும் ஒன்றிரண்டு கூடத்தான் இருக்கும். சோதனைக்கு வருவதென்றால் முதல்நாளே எப்படியும் தகவல் வந்துவிடும். அன்று எங்கள் வான் சாரதி முனீப் கூடுதல் பிள்ளைகளை ஏற்றிப் போய், கடற்கரையில் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருவார். பிள்ளைகள் அதைக் கடல் நாள் என்பார்கள். வேறெந்த நிலையத்தில் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போகிறார்கள், சொல்லுங்கள்.

ஹஸ்மிக்கு இரண்டு வயது. தாய் றிஷானா கிண்ணியாவிலிருந்து வந்து ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். என் வாசற்படியில் நின்று அழுதாள்.

“உம்மா படுக்கையில, டீச்சர். இவனப் பார்க்க ஆளில்ல. ஏலாதெண்டு மட்டும் சொல்லிராதீங்க.”

நிபந்தனையைப் பார்த்திருந்தால் அவள் வேலையை விட்டிருப்பாள். நான் இரங்கினேன். இரங்கியதற்குத்தான் இன்று பொலிஸில் இந்தக் கதிரையில் இருக்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. முனீப் வானைப் பின்வளவில் விட்டுப் பூட்டி, திறப்பைக் குசினி ஆணியில் கொழுவிவிட்டு ஜும்மாவுக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து முன்கேற்றில் உத்தியோகத்தர் தினுஷா நிற்கிறார். முன்தகவல் இல்லை. புதிதாக வந்தவர், எல்லாம் முறைப்படி செய்பவர். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கிற மாதம் வேறு. ஒரு பிள்ளை கூடினாலும் நிலையத்துக்குப் பூட்டுத்தான். அன்று இருந்தது பதினொன்று. ஊரார் பிள்ளைகளுக்குக் கழுவித் துடைத்தே நரைத்துப்போனவள் நான். அப்படிப்பட்ட என்னை, ஒரு தலை கூட என்று எண்ணி வீட்டுக்கு அனுப்பிவிடலாமாம்.

சுஹைராவை முன்னால் அனுப்பிவிட்டு ஹஸ்மியைத் தூக்கினேன். மற்றவர்கள் தனியே விட்டால் கத்துவார்கள். அவன் அழாத பிள்ளை. அதனால்தான் அவன். வானைத் திறந்து பின்சீட்டில் கிடத்தி, கையில் ஒரு பிஸ்கட்டும் கொடுத்தேன். சத்தம் வெளியே வராதபடி கண்ணாடிகளை ஏற்றிக் கதவைப் பூட்டினேன். முனீப் தொழுதுவிட்டு வந்து அவனைக் கடலுக்குக் கொண்டுபோவார் என்று நினைத்தேன். முனீப் அப்படியே சாப்பிடப் போய்விட்டார். அவருக்கு எப்படித் தெரியும்?

தினுஷா எல்லாம் பார்த்தார். மலசலகூடம், முதலுதவிப் பெட்டி, கதவுக் கொளுக்கி. பிள்ளைகளை எண்ணினார், எங்களையும் எண்ணினார். எல்லாம் சரி என்றார். ஆனால் எழும்பவில்லை.

“என்ர மகளுக்கும் இங்க ஒரு இடம் கிடைக்குமோ, டீச்சர்?”

“பத்துப் பேருக்குத்தான் அனுமதி, மிஸ். அதுக்கு மேல ஏலாது.”

அந்தப் பதில் அவருக்கு நன்றாகப் பிடித்தது. அப்போதுதான் பின்வளவில் கேட்டது. சின்ன உள்ளங்கை கண்ணாடியில் தட்டுகிற சத்தம்.

“என்ன சத்தம் அது?”

“மாங்காய் விழுது, மிஸ்.”

சுஹைரா எழும்பப் பார்த்தாள். கண்ணாலேயே அவளை இருத்தினேன். அவள் மேல் பிழை இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். றேடியோவில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்ததும், பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னதும் நான்தான். அவசரப்படுத்தினால் தினுஷாவுக்குச் சந்தேகம் வரும். அதனால் அவர் வேண்டாம் என்றும் இரண்டாவது கோப்பையை ஊற்றினேன். அவர் ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

தட்டுவது நின்றது. பிள்ளை தூங்கிவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வெயிலில் பூட்டிய வானுக்குள் எந்தப் பிள்ளையும் தூங்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேற்றுவரை போய் அவரை வழியனுப்பினேன். அவருடைய ஆட்டோ சந்தி திரும்பும்வரை கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். பிறகுதான் பின்வளவுக்குப் போனேன்.

டொக்டர் கையை விரித்த பிறகு, ஆஸ்பத்திரி வாசலில் றிஷானா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவன் என்னக் கூப்பிட்டானா, டீச்சர்?”

இல்லை என்றேன். அது பொய்யில்லை. கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. தட்டியதுதான் கேட்டது. அதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும், ஐயா. ஆள் போதாமல் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். அன்று மண்டபத்தில் இருந்த பத்துப் பிள்ளைகளுக்கு ஆள் சரியாகவே இருந்தது.