கோபக்காரக் கை நட்ட மிளகாய்

ஹபனேரோ மிளகாயைக் காம்போடுதான் பறிக்க வேண்டும், ஐயா. காம்பு போனால் மறுநாளே வதங்கிவிடும். நீங்கள் நகரத்துப் போலீஸ், கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர். மெக்சிகோவிலேயே எங்கள் யுகத்தான் பக்கத்துக் கிராமங்களில் கொல்லையில் நாலு மிளகாய்ப் பாத்தி இல்லாவிட்டால் அது வீடே இல்லை.

நாற்றைக் கோபமாக இருப்பவர்தான் நட வேண்டும். அப்போதுதான் காய் உறைக்கும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் நடுவது என் மனைவி நெல்மி. அவளுக்கு லேசில் கோபம் வராது. அதுதான் சிக்கல்.

அதனால் நடவுக்கு முன்பு நான்தான் ஏதாவது ஏற்பாடு செய்வேன். முதல் வருஷம் அவள் மாசக்கணக்கில் பின்னிய வலை ஊஞ்சலைக் கத்தரித்தேன். அடுத்து, அவள் வளர்த்த வான்கோழியைத் தூக்கி யாருக்கோ கொடுத்தேன். ஒருமுறை செத்துப்போன அவள் அம்மாவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னேன். காய் நன்றாகவே உறைத்தது. அவள்மேல் கை நீட்டியதில்லை, ஐயா. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

ஆனால் மனுஷிக்கு எதுவும் பழகிவிடுகிறது. போன வருஷம் அவளுடைய கல்யாண உடுப்பை அடுப்பில் போட்டேன்.

"சரி விடு, சாம்பல் செடிக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு நடப் போய்விட்டாள்.

பலன் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தோன் ரெமிகியோ எங்கள் மேஜை முன் சோள ரொட்டியோடு உட்கார்ந்து என் மிளகாயை முழுசாகக் கடித்து மென்றார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"என்னப்பா எலுத்தேரியோ, மிளகாய் கேட்டா கொய்யாப்பழத்த வைக்கிற? ரெண்டு குடு, பால்குடி மறக்காத என் பேத்திக்கு ஊட்டுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நெல்மியின் தம்பி காஸ்பார் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இந்த வருஷம் நாற்று தயாரான அன்று காலையில் காஸ்பாரைக் கிணற்றுச் சுவரில் முளைத்த செடிகளைப் பிடுங்கக் கூப்பிட்டேன். அவன் இறங்கியதும் கயிற்றை மேலே இழுத்துக்கொண்டேன்.

"மச்சான், கயிறு எங்க? விளையாடாதீங்க. நிக்க ஒரே ஒரு கல்லுதான் இருக்கு, அதுவும் வழுக்குது. எனக்கு நீச்சல் தெரியாதுன்னு தெரியும்ல?"

நெல்மி ஓடி வந்தாள்.

"எல்லாத்தையும் நட்டு முடி, கயித்த விடுறேன்" என்றேன். "நீ ஊரக் கூப்பிட்டா கயிறும் உள்ள போயிரும்."

"நீயெல்லாம் மனுஷனா? உன் கை அழுகிப் போக!"

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. மண்ணைக் குத்திக் குத்தி நட்டாள். பார்க்கவே நிறைவாக இருந்தது.

"அக்கா, சீக்கிரம்க்கா" என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

"இதோ முடிஞ்சிருச்சுடா தம்பி!"

அவசரத்தில் ஒரு வரிசை முழுக்கச் சாய்ந்துவிட்டது. பிடுங்கித் திரும்ப நடச் சொன்னேன். சாய்ந்த நாற்று மழைக்குத் தாங்காது.

அப்போதுதான் தண்ணீரில் அந்தச் சத்தம். கிணற்றடியில் நின்ற எனக்குக் கேட்டது. கொல்லைக் கோடியில் குனிந்திருந்த அவளுக்குக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அவன் ஏன் பேசல?" என்றாள்.

"கத்திக் கத்திக் களைச்சிருப்பான். நீ நடு" என்றேன். இன்னும் ஒரு பாத்தி பாக்கி இருந்தது.

அவன் போய்விட்டான் என்று எனக்குத் தெரியும், ஐயா. கயிறு என் கையில்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் அவள் கோபமெல்லாம் அழுகையாகியிருக்கும். அழுகிற கை நட்டால் மிளகாய் உறைக்காது.