மூணாவது தட்டு

ஜூடி: வேல கெடச்சுச்சா இல்லியா, அத்த சொல்லு அண்ணி. வந்ததுலேந்து ஐஸ் பொட்டி மேல குந்திகினு மூச்சு வாங்குற...

ஐரீன்: இருடி. எர்ணாவூரு ஆராய்ச்சிக்கூடம் மூணாவது மாடி. முட்டி பேஜாரு பண்ணுது.

ஜூடி: லிப்ட் இல்லியா?

ஐரீன்: கீது. எந்த பட்டன் அமுக்கறதுன்னு தெரில. கேக்க வெக்கம். காசிமேட்டுல முப்பது வருசம் மீன் வித்தவ, ருசி பாக்கப் போன பெரிய மனுசி...

ஜூடி: செரி, இன்னா துன்ன குடுத்தாங்க?

ஐரீன்: மூணு தட்டு வஞ்சிரம் வறுவல். ஒண்ணுதான் நெச மீனு. மத்த ரெண்டும் பச்சப்பயறு. சரியா சொன்னா வேல... ஏசி, நாற்காலி. இப்டி குந்திகினு மீன் வெட்ட வாணாம்.

ஜூடி: பயறுல மீனா? சுண்டல்னு சொல்லு.

ஐரீன்: இல்லடி. ஜஸீமான்னு ஒரு பொண்ணு, அதான் அங்க ஆராய்ச்சி பண்ணுது. பயறுலேந்து புரதத்த மட்டும் பிரிச்சு, சூடா அழுத்தி, முறுக்கு புழியற மாதிரி மெஷின்ல தள்றாங்க. மெல்ல ஆறுனா நாரு நாரா ஒரே பக்கமா படுத்துக்குதாம். புட்டா மீனு சதை கணக்கா ஏடு ஏடா வருது. முன்னெல்லாம் மாவு மாதிரி கொழகொழன்னு இருக்குமாம்.

ஜூடி: நீயா ஏமாறுவ?

ஐரீன்: மொத தட்டு பயறுன்னேன். கரெக்டு.

ஜூடி: அதான பாத்தேன்.

ஐரீன்: ரெண்டாவது... கண்ண மூடி மென்னுட்டு, "விடிகாலம் கரை ஏறுன வஞ்சிரம், ஆண் மீனு"ன்னேன்.

ஜூடி: அப்புறம்?

ஐரீன்: அதுவும் பயறு.

ஜூடி: ஆம்பளப் பயறா அண்ணி...

ஐரீன்: சிரிச்சுக்கோ. வந்தவங்க எல்லாருமே அதுல வழுக்குனாங்களாம். மூணாவத துப்பிட்டேன். "இது மீனா இருந்தா, ஐஸுல மூணு நாளு கெடந்த கலீஜு"ன்னேன். அதான் நெச மீனு.

ஜூடி: அய்ய.

ஐரீன்: அந்தப் பொண்ணு பேனாவ மூடிடுச்சு. "எங்க டிரைவர் நேத்து சாயங்காலம் காசிமேட்டுல வாங்குனது, அன்னிக்குப் புடிச்சதுன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தாங்களாம். உங்க நாக்கு சரியில்லம்மா"ன்னுச்சு.

ஜூடி: எவ அவ, அந்த மீன வித்தவ? பக்கத்து கடை நீலாதான. அவதான் பழச தண்ணி தெளிச்சு மேல வைப்பா.

ஐரீன்: நீலா இல்ல.

ஜூடி: எவளா இருந்தா இன்னா, அவ கை வெளங்குமா? உன் பொழப்புல மண்ண போட்டுட்டாளே.

ஐரீன்: திட்டாதடி... வேல கெடச்சிடுச்சு. திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க. மூணு நாளுன்னு சொன்னது கரெக்டுதான்னு தெரிஞ்சுபோச்சு.

ஜூடி: எப்டி தெரியும்? வித்தவளே வந்து சொன்னாளா?

ஐரீன்: வேற வழி... நாக்கு மானத்தக் காப்பாத்தணுமே. அந்த மீன அந்தோணியார் மேல சத்தியம் பண்ணி டிரைவரு தலையில கட்டுனது நான்தான்னு கைய தூக்கிட்டேன்.