மீன்கூடத்தை எழுப்பிய டாக்டர் அப்துல் கையூம் அவர்களுக்கு

அலைகடலின் அடியில் கிடந்த அதிசயங்களை அள்ளி வந்து அனைவர்க்கும் காட்டிய அறிஞரே! பொங்கோல் கடற்கரைச் சேற்றில் முழங்கால் புதைய நின்று, நண்டுக்கும் நத்தைக்கும் நல்ல பெயர் தேடித் தந்த நாயகரே! எங்கள் இயக்குநர், விலங்கியல் வல்லுநர், டாக்டர் அப்துல் கையூம் அவர்களே!

இப்படி அழைத்தால் தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவீர்கள் என்று தெரியும். துடையுங்கள். தாங்கள் விடைபெறும் இன்று ஒருநாள் எங்களைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐம்பத்திரண்டாம் ஆண்டில், பள்ளிப் பிள்ளைகளுக்கான சிறிய அறிவியல் காட்சியகத்தை நடத்த வந்தீர்கள். பழுதான மின்விசிறியும் சில காந்தங்களும்தான் அங்கே இருந்தன. அதை ஊரே வந்து பார்க்கும்படி ஆக்கிவிட்டு, ஐம்பத்தெட்டில் இந்த இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் தலைமையை ஏற்றீர்கள். பூச்சி அரித்த புலியும் பல்லுதிர்ந்த முதலையும் கிடந்த இடத்தில் மீன்கூடம் எழுந்தது. ஊர் பேசும் நான்கு மொழிகளிலும் பெயர்ப்பலகை வைத்தீர்கள். தேக்கா சந்தை மீன்காரர் ரவூப் குடும்பத்தோடு வந்து, தம் கடைச் சரக்கின் பெயர்களைத் தமிழில் உரக்கப் படித்துவிட்டுப் போனார்.

தேக்காவைச் சொல்லிவிட்டு அந்த மீனைச் சொல்லாமல் விட முடியுமா! விடியற்காலையில் சந்தையைச் சுற்றி, வலையில் தப்பித்தவறி வந்த மீன்களைத் தேடுவது தங்கள் வழக்கம். ஒரு விடுமுறை நாளில், தாங்களே அதுவரை கண்டிராத மீன் ஒன்று கிடைத்தது. அரும்பொருளகம் பூட்டியிருந்ததால் அதை வீட்டு அடுப்படியில் வைத்துவிட்டுப் பனிக்கட்டி வாங்கப் போனீர்கள். திரும்பி வந்தபோது அது புளியில் கொதித்துக்கொண்டிருந்தது.

"அடுப்படியில வெச்ச மீனை ஆனம் காய்ச்சாம வேற என்ன செய்றது? சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா!" என்றார் தங்கள் துணைவியார் பதுருன்னிசா அம்மையார்.

தாங்கள் கோபிக்கவில்லை. வீட்டாரை உட்கார வைத்து, ஒரு முள்ளும் உடையாமல் சாப்பிடச் சொன்னீர்கள். அந்த எலும்புக்கூடுதான் மஞ்சள் படிந்து கூடத்தின் நடுவே நிற்கிறது. வெளிநாட்டு அறிஞர் ஒருவர் அந்த நிறத்தைக் கண்டு வியந்தபோது, "எங்க வீட்டு மசாலா" என்று மறைக்காமல் சொன்னவர் தாங்கள்.

அந்தக் கூடம் திங்கட்கிழமை மூடப்படுகிறது. வேறு கண்காட்சிக்கு இடம் வேண்டுமாம். பள்ளிப் பிள்ளைகளுக்காகவாவது விட்டுவையுங்கள் என்று மேலிடத்துக்கு நடையாய் நடந்தீர்கள். "மீன் பாக்கணும்னா தேக்காவுல பாத்துக்கட்டும்லா" என்று அங்கே ஒருவர் சிரித்தாராம். திரும்பி வந்து எங்களிடம், "கண்ணாடி ஒடையாம கட்டுங்கப்பா" என்று மட்டும் சொன்னீர்கள். தங்களுக்காக வாய் திறக்க எங்களில் ஒருவருக்கும் அங்கே இடமில்லை. அந்த ஆற்றாமை எங்களை விட்டு எளிதில் போகாது.

அம்மையாரோடும் மக்களோடும், நலம் குன்றாமல், நடை தளராமல், நெடுங்காலம் தாங்கள் வாழ வேண்டும்.

"அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்று எழுத வேண்டிய இடம் இது. எழுதக் கை வரவில்லை, ஐயா. வந்தால் தாங்கள் பார்க்க இங்கே ஒன்றும் இருக்காது. நாங்களே தங்கள் வீட்டுக்கு வருகிறோம்.

இங்ஙனம்,
தங்களை அனுப்ப மனமில்லாத
அரும்பொருளகப் பணியாளர்கள்
சிங்கப்பூர், 1967