பலாஸ்பானியின் கடைசி வாய்

முதலில் ஒரு மன்னிப்பு, இன்ஸ்பெக்டர் சாஹேப். உள்ளே கூட்டி வரும்போது உங்கள் காவல் நிலைய வாசலில் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கி ஜோடி சேர்த்துவிட்டேன். கான்ஸ்டபிள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஓடுவதற்கு வழி பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார். அப்படி எதுவும் இல்லை. செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தால் எனக்குக் கால் சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள், நான் மட்டும் வாசலில் குனிந்துகொண்டிருப்பேன். என் மனைவிக்கு இதில் தீராத வெட்கம்.

உங்களுக்கு என் உத்தியோகம் சரியாகப் புரியவில்லை என்று நேற்றே தெரிந்தது. பாட்னாவில் இருக்கும் என் மாமனாருக்கும் இன்றுவரை புரியவில்லை. நான் சுரங்கங்களை மூடுகிறவன். திறக்கிறவனுக்கு மாலை போடுவார்கள், தேங்காய் உடைப்பார்கள். மூடுகிறவனுக்கு வருகிற தேநீர்கூட ஆறித்தான் வரும். "மத்தவங்க வீட்டுக்காரர் பாலம் கட்டறாரு, ரோடு போடறாரு. நீங்க மூடறதுக்குச் சம்பளம் வாங்கறீங்க" என்பாள் மனைவி. மூடுவது எளிதென்று எல்லாருக்கும் நினைப்பு. நிலக்கரி தீர்ந்ததும் பூட்டைப் போட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் மூடுவது அல்ல. கரி போனபிறகு அந்த ஊர் எதைத் தின்று பிழைக்கும், குழி என்ன ஆகும், தண்ணீர் என்ன ஆகும் என்று முன்கூட்டியே திட்டம் போட வேண்டும். அதற்கு நிலைத்த வளர்ச்சி என்று பெயர். இந்த இரண்டு சொற்களையும் நான் தூக்கத்தில்கூடச் சொல்வேனாம்.

பலாஸ்பானிச் சுரங்கத்துக்கு நான் போட்ட திட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் எத்தனையோ சுரங்கங்களை அப்படியே திறந்த புண்ணாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். என் பலாஸ்பானி அப்படி ஆகாது என்று முடிவு செய்திருந்தேன். பெரிய குழியில் தண்ணீர் நிரப்பி ஏரி. ஏரியில் வலைக்கூண்டு கட்டி ரோகு மீன் வளர்ப்பு. கரையில் புங்கன் கன்றுகள். பெண்களுக்குத் தையல் இயந்திரம். ஒரு படகுகூட வாங்கினேன். யார் ஏறுவார்கள் என்று யோசிக்கவில்லை, ஆனால் படகு இல்லாத ஏரி படத்தில் நன்றாக இருக்காது.

அந்தப் படத்தில்தான் வினை தொடங்கியது. ஊர்க்கூட்டத்துக்குப் பந்தல் போட்டு, ஓவியரை வைத்து வரைந்த பெரிய படத்தைத் தொங்கவிட்டிருந்தேன். நீல ஏரி, சூரியன், கரையில் சிரித்துக்கொண்டிருக்கும் ஜனங்கள். நான் ஒரு மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும் ஜக்ரு புயான் எழுந்தான். பழைய நிலத்தடிச் சுரங்கத்தில் கூரை இடியாமல் முட்டுக் கொடுத்தவன். சுரங்கம் நின்றதும் வேலை போனவன்.

"பாபு, படத்துல எல்லாரும் சிரிக்கிறாங்களே, இதுல நான் எங்க இருக்கேன்?"

ஏதோ ஒரு உருவத்தைக் காட்டினேன்.

"இவனா? இவன் இஸ்திரி பேண்ட் போட்டிருக்கானே. எவன் வீட்டு ஆளு?"

கூட்டம் சிரித்தது. அவன் விடவில்லை.

"மீனு குடுக்கறீங்க, சரி. அடுப்புக்கு என்ன குடுக்கறீங்க? கரி எடுக்கக் கூடாதுங்கறீங்க. பச்சையாவே திங்கறதா?"

இந்த முறை கூட்டம் அடங்க வெகுநேரமாயிற்று. நானும் சிரித்தேன். எல்லாரும் நிறுத்தியபிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்ததாக நினைவு. பெருந்தன்மையானவன் அப்படித்தான் சிரிப்பான் என்று அப்போது நினைத்தேன்.

கோபம் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கோபம் இருந்தால் அவனையே மீன்வளர்ப்புச் சங்கத்துக்குத் தலைவனாக்கியிருப்பேனா? கழுத்தில் சாமந்தி மாலையும் கையில் ரோகு மீனுமாக அவனை நிறுத்திப் போட்டோ எடுத்தேன். அந்த மீன் ராம்கர் சந்தையில் வாங்கியது. எங்கள் மீன்கள் அப்போது விரலளவுதான் இருந்தன. அவை வளர்ந்து விலைபோவதற்கு எட்டு மாதம் ஆகும். ஊரின் வயிற்றை எட்டு மாதம் காத்திருக்கச் சொல்வதற்கு என் திட்டத்தில் ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை. அது என் குறைதான்.

அதனால் ஜனங்கள் பழையபடி கரிக்குப் போனார்கள். பெரிய குழியின் கிழக்குச் சுவரில் பழைய நிலத்தடிப் பாதைகளின் வாய்கள் இருக்கின்றன. நான் ஒவ்வொன்றாக மண் தள்ளி மூடுவேன். மறுவாரம் பக்கத்திலேயே பன்றி நுழைகிற அளவுக்கு ஒரு புது ஓட்டை இருக்கும். உள்ளே போய்க் கரி வெட்டி, மூட்டை கட்டி, சைக்கிளில் தள்ளிக்கொண்டு போவார்கள். எவன் தோண்டுகிறான் என்று ஊருக்கே தெரியும். தேநீர்க் கடையில் ஜக்ருவே என்னிடம் சொல்வான்.

"நீங்க மூடுங்க பாபு, நான் தொறக்கறேன். ரெண்டு பேருக்கும் வேலை இருந்துகிட்டே இருக்கும்ல? நிலைச்ச வளர்ச்சின்னா இதுதானே?"

என் துறையில் இதைவிடத் தெளிவாக அதை விளக்கியவர் யாரும் இல்லை. அன்றும் சிரித்தேன்.

இப்போது செருப்பு விஷயம். நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நீதிமன்றத்தில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பூமிக்கு அடியில் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. உள்ளே இருப்பது காளி மாயின், அதாவது காளியம்மனின் இடம். கம்பெனி பூட்ஸ் கொடுத்த காலத்திலும் வாயருகே கழற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் மறுபடி மாட்டிக்கொள்வார்கள். இப்போது திருட்டுத்தனமாக இறங்குகிறவர்களுக்குப் பூட்ஸ் ஏது. ரப்பர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு போவார்கள். ஆகவே வாய்க்கு வெளியே செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதை யாரும் தொட மாட்டார்கள். ஊரில் சைக்கிள் திருடு போகும், கோழி திருடு போகும், சுரங்க வாயில் கிடக்கிற செருப்பு மட்டும் போகாது.

மண் தள்ளுகிற புல்டோசர் ஓட்டும் ரஃபீக் மியானும் அதைத்தான் பார்ப்பான். "செருப்பு கெடந்தா என் வண்டி நகராது பாபு. நீங்க மந்திரியையே கூட்டிட்டு வந்தாலும் சரி" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டான். நல்ல மனிதன். அவன்மேல் வழக்கு எதுவும் போடாதீர்கள்.

அன்று மதியம் ராஞ்சியிலிருந்து ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. அவர்கள் சுற்றிப் பார்த்து, திறந்த வாய் ஒன்றுகூட இல்லை என்று கையெழுத்திட்டால் பலாஸ்பானி முறைப்படி மூடிய சுரங்கம். இல்லாவிட்டால் என் திட்டம் தோற்ற திட்டங்களோடு போய்ச் சேரும். ஏரியும் மீனும் தையல் இயந்திரமும் கைவிடப்படும். ஊர் நலனைத்தான் நினைத்தேன் என்று நேற்றுச் சொன்னேன். கூடவே ராஞ்சிக்காரர்கள் முன்னால் ஜக்ரு எழுந்து ஏதாவது கேட்பானோ என்றும் நினைத்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவமானத்துக்கு நான் அவ்வளவு பயப்படுகிறவன் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

காலையில் தனியாக ஒரு சுற்று நடந்தேன். கிழக்குச் சுவரில் புங்கன் கன்றுகளுக்குப் பின்னால் முள் கிளை விலகியிருந்தது. அதன் பின்னால் புது ஓட்டை. வெளியே செருப்பு.

ஒரு ஜோடிதான் கிடந்தது என்று நேற்றுச் சொல்லியிருந்தேன். அது சரியல்ல. ஐந்து ஜோடி. ஒன்றின் வாரில் செம்புக் கம்பி கட்டியிருந்தது. அது ஜக்ருவுடையது. தேநீர்க் கடையில் பல தடவை பார்த்திருக்கிறேன்.

உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன். உரக்க அல்ல. உரக்கக் கூப்பிட்டால் மேலே மதிய விழாவுக்குப் பந்தல் போடுகிறவர்களுக்குக் கேட்கும். பதில் இல்லை. காத்திருந்தால் மதியத்துக்குள் அவர்களே வெளியே வந்திருப்பார்கள். மூடுவதற்குத்தான் நேரம் இருந்திருக்காது.

பத்துச் செருப்பும் பத்துத் திசையில் கிடந்தன. அவற்றைப் பொறுக்கிக்கொண்டு மேட்டில் இருக்கும் இலுப்பை மரத்தடிக்குப் போனேன். வேரோரமாக ஜோடி சேர்த்து, முனை வெளியே பார்க்க, வரிசையாக அடுக்கினேன். பிறகு ரஃபீக்கைக் கூப்பிட்டேன்.

அவன் வந்து சுற்றிப் பார்த்தான். வழக்கம்போல ஹாரன் அடித்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"நல்லாப் பாத்துட்டீங்களா பாபு?"

"பாத்துட்டேன்" என்றேன். அது பொய் இல்லை. நன்றாகத்தான் பார்த்திருந்தேன்.

அவர்கள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஜக்ருவுக்கு எப்போதும் இன்னொரு வழி இருக்கும். அவனுடைய திருட்டுப் புத்தியின்மேல் எனக்கு இருந்த நம்பிக்கை என் திட்டத்தின்மேல்கூட இருந்ததில்லை. அந்தப் பாதையின் மறுமுனை வடக்கு வாய். அதைப் போன மாதம்தான் கான்கிரீட் போட்டு அடைத்திருந்தேன். அதையும் அவன் எங்காவது குடைந்திருப்பான் என்று எடுத்துக்கொண்டேன்.

விழா நன்றாக நடந்தது. குழுத் தலைவர் படகில் ஏறினார். கடைசியாக மூடிய வாயின்மேல், மண் ஈரமாக இருந்ததால், அவர் கையாலேயே ஒரு நாவல் கன்று நடச் செய்தேன். மீன்வளர்ப்புச் சங்கத் தலைவர் எங்கே என்று கேட்டார். வேலையாகப் போயிருக்கிறார் என்றேன்.

ஜக்ருவின் மனைவி பூல்மணி மதியம் சத்துமாவும் வெங்காயமும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எந்த ஓட்டை வழியாகப் போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவன் அதை வீட்டில்கூடச் சொல்ல மாட்டான். மரத்தடியில் செருப்புகளைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பு இருந்தால் ஆள் வருவான். நான் மேடையிலிருந்து பேசும்போது அவள் எனக்கு நேரே தெரிந்தாள். வெயில் நகர நகர, செருப்புகளில் வெயில் படாமல் முந்தானையை விரித்து மூடிக்கொண்டிருந்தாள். போடும்போது கால் சுட்டுவிடும் என்று நினைத்திருப்பாள். அவளுக்கும் ஒரு லட்டுப் பொட்டலம் கொடுத்தனுப்பினேன். விழாவில் யாரும் விடுபடக்கூடாது.

மறுநாள் காலை என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள்.

"பாபு, செருப்பு இருக்கு, ஆளு இல்ல."

"வேற வழியா வெளிய வந்து எங்கயாவது குடிச்சிட்டுப் படுத்திருப்பான். வந்துடுவான், போ" என்றேன்.

"வெறுங்காலோடயா போவாரு?"

"புதுசு வாங்கிக்கிட்டிருப்பான்."

அவள் நம்பினாள். சொல்லச் சொல்ல நானும் நம்பிவிட்டேன். நீங்கள் ஆட்களோடு வந்து மண்ணைத் தோண்டியது அதற்கு மறுநாள். அதற்கு முன்பே ரஃபீக் மரத்தடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்திருக்கிறான். "நம்ம ஊர்ல செருப்ப இப்படி வெக்கிற ஆளு ஒருத்தர்தான் சாஹேப்" என்று சொன்னானாமே. கல்யாண வீடுகளில் என்னைக் கவனித்திருக்கிறான்.

ஐந்து பேரும் வடக்கு வாயருகே கிடந்ததாகச் சொன்னீர்கள். உள்பக்கம் கடப்பாரையால் அடித்த தடங்கள் இருந்தனவாம், கான்கிரீட்டில் ஒரு விரிசல்கூட விழவில்லையாம். அதைக் கேட்டதும் ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எதையும் மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. உள்ளே ஆட்கள் இருப்பது தெரிந்தே செருப்புகளை எடுத்தேன். தெரிந்தே மண் தள்ளச் சொன்னேன். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

கொலை என்ற சொல்லை மட்டும் வேறு மாதிரி எழுத முடியுமா என்று பாருங்கள். நீங்கள் அனுபவஸ்தர், யோசித்துப் பாருங்கள். அவர்கள் வெளியே வரவே கூடாது என்று நினைத்தவன் அந்தச் செருப்புகளைக் குழியில் வீசியிருப்பான். நானோ, அவர்கள் வந்ததும் மாட்டிக்கொள்ள வசதியாக, முனை வெளியே பார்க்க, ஜோடி ஜோடியாக அல்லவா வைத்திருந்தேன்?