சிவப்புக் கோட்டின் உயரம்

வெள்ளை எனாமல் பெயிண்ட் இரண்டு மழைக்காலம் தாங்கும். சிவப்பு ஒன்றுதான் தாங்கும், வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு புரட்டாசியிலும் நம் நகர்க் குட்டையின் அளவுத் தூணில் சிவப்புக் கோட்டை மட்டும் நான் புதிதாகத் தீட்டிவந்தேன்.

இதை நீங்கள் கேட்கவில்லை, கஸ்தூரியம்மா. நீங்கள் கேட்டது ஒரு வரிக் கடிதம். 'அன்று கங்காதரன் கடமையில் தவறவில்லை' என்று நலச்சங்கத்தின் தாளில் செயலாளர் பக்தவத்சலம் கையெழுத்துப் போட்ட ஒரு வரி. ஆறு வருடம் கழித்து இது எதற்கு என்று கேட்டேன். "தினமும் ஒரே கேள்விதான் சார். நான் தூங்கிட்டேனா கஸ்தூரி, கோட்டைப் பார்க்காம விட்டுட்டேனான்னு. நான் இல்லைன்னா நம்ப மாட்டேங்கிறார். உங்க கையெழுத்தைப் பார்த்தா நம்புவார்" என்றீர்கள்.

எழுதுவதில் எனக்குத் தடை இல்லை. ஆனால் கோடு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அந்த வரியைப் படித்தால் அவருக்குப் பாதிதான் புரியும். உட்காருங்கள். பாதி உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

நம் நகருக்குப் பின்னால் குட்டை. குட்டைக்கு அந்தப் பக்கம் தாழ்ந்த நிலம். அங்கேதான் பள்ளத்தெரு இருந்தது, பதினான்கு குடிசை. அதையும் தாண்டி, அப்போது சின்னசாமி என்பவர் மனை போட்டுக்கொண்டிருந்த பழைய வயல். குட்டையிலிருந்து ஒரு கால்வாய் புறப்பட்டுப் பள்ளத்தெரு ஓரமாகப் போய், மனைகளை இரண்டாக வெட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போகும். கால்வாய் தொடங்கும் இடத்தில் நான்கு மரப்பலகைகள், ஒன்றின் மேல் ஒன்று. பலகை அடைத்திருந்தால் குட்டையில் தண்ணீர் நிற்கும், நம் கிணறுகள் ஊறும். தூக்கினால் தண்ணீர் கால்வாயில் இறங்கும். தூக்காமலே விட்டால் ஒரு கட்டத்தில் கரை தாங்காது. சங்கத்தின் மழைக்கால வேலை மொத்தமும் இதுதான்: பலகையை எப்போது தூக்குவது.

எண்பத்தாறு வரை அதற்கு விதி கிடையாது. பள்ளத்தெரு வேம்புலி கரைப் படிக்கட்டில் இறங்கி நின்று பார்ப்பார். "கால் சொல்லும் சார்" என்பார். அந்த வருடம் அவர் கால் சொன்னபடி முன்கூட்டியே தூக்கினோம். மழை நின்றது. மாசியிலேயே கிணறுகள் வற்றின. தெருவுக்குத் தெரு சண்டை. அப்போதுதான் நான் செயலாளரானேன். ஃபேக்டரியில் எனக்கு அளவுமானிகளைச் சோதிக்கும் பிரிவு. ஆயிரம் பேர் ஒழுங்காக வேலை செய்தாலும் அவர்கள் கையில் இருக்கும் அளவுமானி தவறாக இருந்தால் ஆயிரம் பேரின் வேலையும் தவறு. இருபத்திரண்டு வருடம் அதைத்தான் பார்த்தேன். ஆகவே ஒரு கல்தூண் நட்டேன், அதற்கு வெள்ளை அடித்தேன், கரைக்கு ஓரடி கீழே சிவப்புக் கோடு போட்டேன். விதியும் எழுதினேன்: கோடு நனையும்வரை தூக்கக் கூடாது, நனைந்துவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம். வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துக் காவல். தூக்கும்போது பக்கத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்ட வேண்டும். பள்ளத்தெருக்காரர்கள் மேட்டுக்கு வந்துவிடுவார்கள்.

தூணில் எண்கள் எழுதலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். எண் இருந்தால் ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள், கோடு என்றால் கேள்வி இல்லை. ஐந்து வருடத்தில் வேம்புலிகூடப் படிக்கட்டில் இறங்குவதை விட்டுவிட்டார். தெருவிலிருந்தே தூணை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அதை என் பெரிய வெற்றியாக நினைத்தேன்.

தொண்ணூற்று ஒன்றில் சின்னசாமி கால்வாயைத் தூர்க்க அனுமதி கேட்டார். மூன்று வருடமாகத் தண்ணீரே ஓடாத கால்வாய், செத்த கால்வாய் என்று மனுவில் எழுதியிருந்தார். நாம் எதிர்மனு போட்டோம். அதிகாரிகள் நேரில் பார்க்க வருவதாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் உங்கள் கணவர் செயற்குழுவில் எழுந்து, தூர்க்க விடவும் வேண்டாம், அவரோடு மல்லுக்கு நிற்கவும் வேண்டாம், கால்வாய் இருக்கும் இடத்தில் பெரிய சிமெண்ட் குழாய் பதித்து மேலே ரோடு போட்டுத் தரச் சொல்வோம் என்றார்.

வேம்புலி வாசல் பக்கம் நின்றிருந்தார். "பைப்புல தண்ணி போவும் சார், வெள்ளம் போவுமா? அது இன்னா எலியா, வளைக்குள்ள பூந்துக்க?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கங்காதரனும் சிரித்தார். "எதிர்க்கட்சிக்கு நீ ஒருத்தன் போதும்யா. நாலடி பைப்பு. நீயே உள்ள நடந்து போலாம்."

"நட்ந்து போறதுக்கு நான் இன்னா தண்ணியா சார்?"

மறுபடியும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்த விதத்தைக் கவனித்தேன். கங்காதரனோடு சேர்ந்து சிரித்தார்கள். கூட்டம் முடிந்ததும் குழாய்த் தீர்மானத்துக்கு முப்பத்தொரு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் ஐம்பத்திரண்டு வீடு. அடுத்த மாதம் பொதுக்குழு, அதோடு செயலாளர் தேர்தல்.

அன்று முதல் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு மனிதரைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினால், கருவியைப் பார்ப்பது போலத்தான். முன்பு கண்ணில் படாத சின்னச் சின்னப் பிசகு எல்லாம் தெரியும். பூந்தமல்லி சாலையில் சின்னசாமியின் அலுவலகத்து வாசலில் அவருடைய ஸ்கூட்டர் நின்றதை இரண்டு முறை பார்த்தேன். ஒரு மாலை உங்கள் வீட்டுக்கு வந்தேன், நீங்கள் காபி கொடுத்தீர்கள். உங்கள் தலைக்கு மேல் சுவரில் சின்னசாமியின் தேதிக் காலண்டர் தொங்கியது. நான் தேதியைச் சொல்வதற்கு முன்பே அவர் "அதிகாரிங்க வர்ற தேதியை நேத்தே தாலுகா ஆபீசுல கேட்டுட்டு வந்துட்டேன் சார்" என்றார். தேதி அவருக்கு எதற்கு? இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்தேன்.

அந்த மாதக் கடைசியில் கரையின் வெளிப்புறத்தைச் சுற்றிவந்தேன். பள்ளத்தெருவுக்கு நேராக, கரையின் அடியில் லாரிக்காரர்கள் மண் வெட்டி எடுத்திருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு இரும்புக் கம்பியைச் செலுத்திப் பார்த்தேன். மற்ற இடத்தில் ஒரு சாண் இறங்குவதே கடினம். அங்கே இரண்டு முழம் இறங்கியது. தண்ணீர் கோட்டளவில் நின்றால் அந்த இடம் தாங்கும். அதற்கு மேல் முக்கால் அடி ஏறினால் தாங்காது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மண்ணைக் கொட்டி அடைத்துவிடுவார்கள்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, வங்கக் கடலில் தாழ்வு நிலை என்று வானொலியில் சொன்னார்கள். திங்கட்கிழமை வாக்கில் கனமழை. அதிகாரிகள் வருவது வியாழக்கிழமை. சனிக்கிழமை வெயில் அடித்தது. பெயிண்ட் டப்பாவோடு போனேன். பழைய சிவப்பின் மேல் நேராக வெள்ளை அடித்தால் இளஞ்சிவப்பாகக் கசியும். முதலில் அலுமினியப் பூச்சு ஒன்று, அது காய்ந்ததும் வெள்ளை இரண்டு பூச்சு. பிறகு புதுக் கோடு, முக்கால் அடி மேலே. பட்டப்பகலில் குடை விரித்துவைத்துக்கொண்டு செய்தேன். மூன்றாம் தெரு அய்யாசாமி சைக்கிளை நிறுத்தி, "இன்னா செகரட்ரி சார், தூணுக்குக் கல்யாணமா? இப்டி மேக்கப்பு போட்றீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு கரும்பலகையில் திங்கட்கிழமைக் காவலுக்கு எழுதியிருந்த பெயரை அழித்து உங்கள் கணவர் பெயரை எழுதினேன்.

பலகையைச் சீக்கிரம் தூக்கிக் கால்வாயில் தண்ணீர் ஓடுவதைக் காட்டியிருந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அமைதியாக ஓடும் தண்ணீரைப் பார்த்தால் எந்த அதிகாரியும் குழாய் போதும் என்றுதான் எழுதுவார். குழாய் போதாது என்று காட்ட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை என்பதிலும் ஒரு யோசனை உண்டு. ஞாயிறு என்றால் பள்ளத்தெருவில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். வேலைநாளில் பாதிப்பேர் மண்ணூர்பேட்டைக் கம்பெனிகளில் இருப்பார்கள். அதை நான் எண்ணிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையிலிருந்தே நல்ல மழை. இரண்டு மணிக்கு நான் குடையோடு கரைக்குப் போனேன். கங்காதரன் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். வேம்புலி இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பியவர், வழியில் நின்றார்.

"இன்னா சார், தண்ணி ஏறிகினே கீது. தூக்கிறலாமா?"

"கோட்டுக்கு இன்னும் ஒரு சாண் இருக்குப்பா."

"கால்ல பாத்தா வேற மாரி தோணுது சார்."

"உன் காலக் கேட்டு ஒருவாட்டி ஊரே காஞ்சது பத்தாதா? அப்புறம் செகரட்ரி என்னைத் தொலைச்சுடுவாரு."

வேம்புலி சிரித்தார். "அதுவும் கரீட்டு. கோடு பொய் சொல்லாது." பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தூணைப் பார்த்துத் தலையசைத்தேன். "அப்ப சரி சார். கோடு தள்ளி கீது, பயப்படாதன்னு ஊட்ல சொல்லிட்டுப் போறேன்" என்று அவர் பள்ளத்தெருவுக்கு இறங்கினார்.

மூன்றரைக்குக் கரை போனது, கம்பி இறங்கிய அதே இடத்தில். கோடு அப்போதும் நனையவில்லை. கங்காதரன் கண்ணெடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். கரை போன பிறகுதான் தண்டவாளத்தைத் தட்டினார். வேம்புலியின் மனைவி நாகம்மா, கணவர் சொன்ன வார்த்தையை நம்பி, பேத்தியைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு இரண்டு வயது. மற்ற வீடுகளில் இருந்தவர்கள் எப்படியோ ஏறி வந்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரையும் எடுத்தார்கள். நகர் முழுவதும் சுடுகாட்டில் இருந்தது. தூறல் விட்டிருந்தது. தூணைத் துணியால் துடைத்துவிட்டு, மேலே போட்டிருந்த கோட்டை வெள்ளையால் மறைத்து, பழைய இடத்தில் கோட்டைத் தீட்டினேன். ஈரத்தில் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை, ஆனாலும் பார்வைக்குப் போதும்.

வியாழக்கிழமை வந்தவர்கள் அளந்தார்கள். கரையில் தண்ணீர் நின்ற கறை, கோட்டுக்கு மேலே ஏறக்குறைய முக்கால் அடியில் இருந்தது. கோடு நனையவே இல்லை என்று கங்காதரன் சொன்னார். என்னைக் கேட்டார்கள். இரண்டு மணிக்கு நான் பார்த்தபோது ஒரு சாண் மிச்சம் இருந்தது என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வேம்புலியும் அதையே சொன்னார். அப்படியென்றால் அதற்குப் பிறகு ஒன்றரை மணிநேரம் காவல்காரர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்ற கேள்விதானே மிஞ்சும்? முதலில் அவர் சத்தியம் செய்தார். அப்புறம் குரல் இறங்கியது. ஒரு மாதம் கழித்து, மழைக்கு மோட்டார் கொட்டகையில் ஒதுங்கியபோது கண்ணயர்ந்திருப்பேனோ என்று அவரே என்னிடம் கேட்டார். இருக்கலாம் என்றேன்.

கால்வாய் பிழைத்தது. வெள்ளப் போக்கு, தூர்க்கக் கூடாது என்று பதிவானது. சின்னசாமியின் எல்லைக் கற்கள் அடித்துக்கொண்டு போனதோடு அவர் திட்டமும் போனது. குழாய்த் தீர்மானத்தை யாரும் திரும்ப எடுக்கவில்லை. பொதுக்குழுவில் எனக்கு எதிராக யாரும் நிற்கவில்லை, அதற்குப் பிறகும் நிற்கவில்லை. இன்று ஐம்பத்திரண்டு வீட்டுக் கிணறுகளிலும் சித்திரையில் தண்ணீர் இருக்கிறது. நகருக்காகத்தான் செய்தேன்.

அந்தச் சந்தேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மனதில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். சின்னசாமியின் காலண்டர் அந்த வருடம் நகரில் பதினோரு வீட்டில் தொங்கியது. என் வீட்டிலும் ஒன்று இருந்தது. ஸ்கூட்டர் நின்ற கட்டடத்தின் மாடியில் தட்டச்சுப் பயிலகம். உங்கள் பெண் அங்கே படித்தாள், அவளைக் கூப்பிடத்தான் அவர் போயிருக்கிறார். இது எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம் அல்ல. இரண்டாம் முறையே மாடிப்படியில் பெயர்ப்பலகையைப் படித்தேன். அவளும் இறங்கி வந்து, "வணக்கம் அங்கிள்" என்றாள். அது ஐப்பசி முதல் வாரம். கோட்டை மாற்றியது அதற்கு ஒரு மாதம் கழித்து.

அழாதீர்கள். கடிதம் கேட்டீர்கள், நியாயம்தான். ஆனால் செயலாளர் தனியாக அப்படி ஒரு கடிதம் தர நம் விதியில் இடமில்லை. விதி எழுதியவனே அதை மீறக் கூடாது. செயற்குழுத் தீர்மானமாக வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது. 'கங்காதரன் கடமையில் தவறவில்லை' என்ற அளவில், காரணம் எதுவும் எழுதாமல், நானே முன்மொழிகிறேன். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். அதற்கும் யோசித்துவிட்டேன். பள்ளத்தெரு போன பிறகு வேம்புலியைப் பலகைக் காவலாளாகச் சங்கத்திலேயே வைத்துக்கொண்டேன், அதனால் அவருக்குப் பேச உரிமை உண்டு. நான் கேட்டால் மறுக்கமாட்டார். நாகம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று முழுநாளும் கூட இருந்தது நான் ஒருவன்தான் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த நகரில் என்னை ஒருநாளும் சந்தேகத்தோடு பார்க்காத மனிதர் என்றால் அவர்தான்.