மாப்பிள்ளைக்கு வாங்கி வைத்த பீர்

வீட்டில் எப்போதும் பீர் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முதலில் ருசியைப் பற்றிப் பேசுவதை நிறுத்த வேண்டும். ருசி வேறு, கையிருப்பு வேறு. அரூரில் எந்த நாள் போனாலும் எது கடையில் இருக்கிறதோ அதுதான் நல்ல பீர். பெங்களூரில் ஆரஞ்சுத் தோல் போட்டது, காப்பிக்கொட்டை போட்டது என்று என்னென்னவோ விற்கிறார்களாம். என் மாப்பிள்ளை சொல்வார். அதையெல்லாம் ஒரு தடவை வாங்கிக் குடித்துவிட்டு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் போனால் இருக்காது. கிடைக்காத பொருளுக்கு ஒரு மனிதனைப் பழக்கக் கூடாது.

நான் இரண்டே வகைதான் வைத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் லைட், சாயங்காலத்துக்கு ஸ்ட்ராங். இரண்டும் தேர்த் திருவிழா அன்றும் கிடைக்கும், தேர்தல் முடிந்த மறுநாளும் கிடைக்கும். பாட்டிலைவிட டின் நல்லது. ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடாது, சீக்கிரம் சில்லென்று ஆகும். பாட்டில்தான் இருக்கிறது என்றால் பழுப்பு நிறம் பார்த்து வாங்க வேண்டும். பச்சை பாட்டிலில் வெயில் பட்டால் நாறும். தேதியும் பார்க்க வேண்டும். பைப் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவுக்கே தேதி பார்த்து வாங்குகிறவள் நான்.

ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. அதனால்தான் எனக்குச் சரியாக வாங்கத் தெரிந்தது என்று நினைக்கிறேன். குடிக்கிற ஆண்கள் பீரைப் பற்றிப் பேசுவதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் இருபது வருஷம் கேட்டிருக்கிறேன். இதில் கசப்பு தூக்கல், அதில் நுரை நிற்கிறது என்று பெரிய ஞானிகள் மாதிரி வாதாடுவார்கள். நாலாவது டம்ளரில் எது எது என்றே தெரியாது. கழுவின தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாலும் தலையாட்டுவார்கள்.

ஃப்ரிட்ஜில் அவ்வளவு பீர் எதற்கு என்று நீங்கள் கேட்டதால் இதைச் சொன்னேன், இன்ஸ்பெக்டர் அம்மா. என் நாத்தனார் கோவிந்தம்மாள், அண்ணனுக்கு நான் விஷம் வைத்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். விஷம் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. விஷம் என்பது கோவிந்தம்மாளின் புத்திக்கு எட்டுகிற விஷயம். தொலைக்காட்சித் தொடர் பார்த்து அழுகிற பெண் அவள். வேறு விதமாக யோசிக்க அவளுக்குத் தெரியாது. நீங்கள் படித்தவர் என்பதால் முழுவதும் சொல்கிறேன்.

சேலம் ரோட்டில் எங்கள் கடை. பைப், மோட்டார், சொட்டு நீர்ப் பாசனச் சாமான்கள். பலகையில் என் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் பெயர்தான் இருக்கும். கடையில் இருந்தது நான். அவர் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். மத்தியானத்துக்குள் எங்கேயாவது சாய்ந்து கிடப்பார். தூக்கி வர ஆள் அனுப்புவேன், வேட்டி மாற்றிவிடுவேன், திரும்பப் போய் லோடு இறக்குவேன். சுற்றுப்பட்டு விவசாயிகளுக்கெல்லாம் நான் சுகுணாக்கா. இன்ன ஆழத்துக்கு எந்த மோட்டார், எத்தனை ஏக்கருக்கு எவ்வளவு ஓஸ் குழாய் என்று என்னிடம்தான் கேட்பார்கள். பாவம் அந்தப் பெண் என்று ஊரே சொன்னது. சொல்லட்டும். பாவம் என்று சொன்னவர்கள் எல்லாம் என் முன்னால் நின்றுகொண்டுதான் சொன்னார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பெண்ணுக்குக் கல்யாணம் ஆன பிறகு அவருக்கு என்னவோ ஞானம் வந்தது. சேலத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தில் போய்ச் சேர்ந்தார். அவராகவே போனார். திரும்பி வந்து தீர்த்தமலை ஏறி மொட்டை போட்டுக்கொண்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். "எம் பொண்டாட்டி எனக்காக அழுத கண்ணீரு ஏரியே ரொம்பும்" என்று மைக்கில் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அழுததே இல்லை. எனக்கு அதற்கு நேரம் இருந்ததில்லை.

பாருங்கள், இத்தனை வருஷம் குடிக்காமல் வேலை பார்த்த எனக்கு ஒருவரும் கை தட்டவில்லை. குடித்துக் குடித்து அழித்துவிட்டு நிறுத்தினவருக்கு மாலை போட்டார்கள். நம் ஜனங்களுக்கு யாரைப் பாராட்டுவது என்று தெரியாது. நான் இதை வருத்தமாகச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு என் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"கடைச் சாவியக் குடு சுகுணா. இத்தன வருசம் நீ பட்டது போதும். இனிமே வூட்டுல நிம்மதியா இரு. நான் பாத்துக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

பத்து நாள் பொறுத்து, சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் கடைக்குப் போனேன். மொரப்பூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னைப் பார்த்ததும், "அக்கா, தக்காளித் தோட்டத்துக்கு ஓஸு மாத்தணுங்க" என்று எழுந்து வந்தார். என் வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தபடியே சிரித்தார். "அவளுக்கு ரெஸ்ட் குடுத்துட்டமுங்க. எங்கிட்டக் கேளுங்க." அந்த ஆளும் சிரித்துவிட்டு அவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான், அதோடு தீர்ந்தது. நான் தூக்குப் போசியை வைத்துவிட்டு வந்தேன்.

தீபாவளிக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தார்கள். மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ராத்திரிச் சாப்பாட்டோடு பீர் குடிப்பார், மரியாதையானவர். கடை லோடு வண்டி ஓட்டும் சவுரியப்பனிடம் சொல்லி வாங்கி வரச் சொன்னேன். ஒரு டின் போதும் அவருக்கு. நான் ஒரு பெட்டி சொன்னேன்.

"அக்கா, அண்ணன் வுட்டுட்டாருல்ல? வூட்டுல வெக்கலாமுங்களா?" என்றான் சவுரியப்பன்.

"மாப்பிள்ளைக்குப்பா. வூட்டுக்கு வர்ற மாப்பிள்ளைய பிராந்திக் கடை வாசல்ல போயா நிக்கச் சொல்றது?"

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. மாப்பிள்ளை என்ற சொல்லுக்கு இந்த ஊரில் அவ்வளவு மரியாதை.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு மிச்சம் இருந்தது. நான் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அதை எடுத்துடு சுகுணா."

"எதை?"

"ஃப்ரிட்ஜுல இருக்கறத. தண்ணி எடுக்கத் தொறந்தா அதுதான் கண்ணுல படுது. ஒரு மாதிரியா இருக்குது."

"பொங்கலுக்கு அவங்க மறுபடி வருவாங்க. காசு போட்டு வாங்குனதக் கொண்டுபோயி சாக்கடையிலயா ஊத்தறது? நீங்க என்ன சின்னப் புள்ளையா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிப்போனது. சின்னப் பிள்ளை இல்லை என்று காட்ட வேண்டும் என்ற எண்ணம் ஆண்களுக்குச் சாகும்வரை போகாது. அதன் பிறகு எடுக்கச் சொல்லவில்லை. நான் தண்ணீர் பாட்டிலை மட்டும் டின்களுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தேன். தண்ணீர் வேண்டும் என்றால் அவற்றை விலக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கார்த்திகை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு டின் குறைந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடத்தில் இன்னொன்று வைத்தேன். அடுத்து இரண்டு குறைந்தது. இரண்டு வைத்தேன். ஒரு நாளும் நான் ஊற்றிக் கொடுத்ததில்லை. குடியுங்கள் என்று வாயால் சொன்னதில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கையை நீட்டும்போது அங்கே இருந்தது, அவ்வளவே.

ஒரு தடவை வெறி வந்தவர் மாதிரி எல்லாவற்றையும் உடைத்துப் பின்கட்டில் கொட்டினார். தரையில் உட்கார்ந்து, "வூட்டுல வெக்காத சுகுணா, உன் காலுல வேணாலும் வுழறேன்" என்றார். விழவும் செய்தார். மைக்கில் பேசி மாலை வாங்கின மனிதர். நான் எழுப்பி உட்கார வைத்து, தரையைக் கழுவி விட்டேன். சாயங்காலம் சவுரியப்பன் புதுப் பெட்டி கொண்டுவந்து இறக்கினான். எப்போதும் கிடைக்கிற பீரில் உள்ள வசதி அதுதான்.

மார்கழியில் மறுபடி மத்தியானத்திலேயே படுக்க ஆரம்பித்தார். சாவி அவர் தலைமாட்டில் கிடந்தது. எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "வாங்கக்கா" என்றார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் பேசினதைக் கேட்டுக் கை தட்டின அதே வாத்தியார் வந்து, "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாராம்மா? உங்க தலையெழுத்து" என்றார். எனக்கு அன்று நன்றாகப் பசித்தது.

பொங்கல் கழிந்து அவருக்கு வயிறு வீங்கியது. ஒரு காலை ரத்தமாக வாந்தி எடுத்தார். தர்மபுரிக்குக் கொண்டுபோனோம். ஒரு வாரம் வைத்திருந்தார்கள். டாக்டர் சொன்னதைப் பிறகு சொல்கிறேன். வீட்டுக்கு அழைத்து வருவதற்கு முந்தின நாள் நான் மட்டும் அரூர் வந்து, படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டு, ஃப்ரிட்ஜைத் துடைத்து நிரப்பி வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற மனிதர் வெறும் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கக் கூடாது.

முதல் இரண்டு நாள் அவர் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தெரிஞ்சுதான் வெக்கிறியா?"

"உங்களுக்குப் புடிச்சதைத்தானே வெக்கிறேன்."

"நான் கடையில உக்காரக் கூடாது. அதுக்குத்தானே?"

நான் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினேன். அவர் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். மஞ்சள் பாய்ந்த கண். அந்தக் கண்ணால் என்னைப் பார்த்து, "வாயத் தொறந்து கேட்டிருந்தா சாவியக் குடுத்திருப்பேனே சுகுணா" என்றார். "உனக்கு ஓய்வு வேணும்னு நெனச்சுதான் வாங்குனேன். சாவிய இனி நீயே வெச்சுக்க. பலகையில உம் பேரயே எழுதிடலாம். ஒடம்பு தேறட்டும், நானே ஆளக் கூட்டியாறேன். இதை மட்டும் எடுத்துடு."

உங்களுக்கு இப்போது அவர்மேல் இரக்கம் வருகிறது. உங்கள் முகத்தில் தெரிகிறது. எனக்கு வரவில்லை. என் உழைப்பில் நின்ற கடையை எனக்குத் தானம் கொடுக்க இவர் யார்? அதற்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அதையும் எங்கேயாவது மைக்கில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஊர் கை தட்டும்.

"சாப்பாடு எடுத்து வெக்கறேன், வாங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே ஒன்று குறைந்திருந்தது. அதன் பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம் போய்விட்டார். சாவுக்கு நல்ல கூட்டம். வந்தவர்களுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்லியிருக்கலாம். எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை என்று. கோவிந்தம்மாளைத் தவிர எல்லோரும் நம்பினார்கள்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பழையபடி இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். மத்தியானத்தில் படுத்திருக்கட்டும், வேட்டி மாற்றிவிடுகிறேன், சோறு ஊட்டிவிடுகிறேன். இருபது வருஷம் செய்தவள்தானே. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

டாக்டர் சொன்னது என்ன என்று கேட்கிறீர்கள். ஸ்கேன் எடுத்த அன்று என்னை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார். "ஈரல் முக்காவாசி போயிடுச்சும்மா. இன்னையோட வுட்டாருன்னா இன்னும் பல வருசம் இருப்பாரு. பீருதானேன்னு தொட்டாக்கூட இந்தக் கோடையத் தாண்ட மாட்டாரு. நான் சொன்னா ஒடஞ்சு போயிடுவாரு. நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்று வந்தேன்.

வார்டில் அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னாரு டாக்டரு?" என்று கேட்டார்.

"அல்சராம். காரம் கொறைச்சுக்கணுமாம்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் குழம்புக்கு மிளகாய் பாதிதான் போட்டேன். என்னால் சாப்பிட முடியவில்லை, இருந்தாலும் போட்டேன்.

ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று இந்த வாக்குமூலத்தில் எழுத வேண்டும் என்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவர் சுபாவம் தெரியும். சாவு என்றால் ரொம்ப பயப்படுவார். பயந்துவிட்டால் குடிப்பதை நிறுத்திவிடுவார்.